கராத்தே, சிலம்பம், பள்ளிக்கூடம், வேலை: ஒரு வாரத்துக்குள் எப்படி அடக்குவது?

ஜூன் 12, வியாழன் (கேள்வி)

சேலம் கொண்டலாம்பட்டியில் வீடு. மகன் ஏழாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. மகனுக்குத் திங்கள், புதன், வெள்ளி மாலை 6 முதல் 7.15 வரை கராத்தே. மகளுக்குச் சனி, ஞாயிறு காலையில் சிலம்பம். நானும் அவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளி திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் மூச்சு வாங்குகிறது. வீட்டுப்பாடம் முடிய இரவு பத்து ஆகிவிடுகிறது. கராத்தேயை நிறுத்திவிடு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இதைச் சமாளிக்கிற குடும்பங்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.

ஜூன் 12, இரவு 10.20

நிறுத்தாதீர்கள் அக்கா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டிலும் இதேதான். மகள் ஒன்பதாவது, சிலம்பம். மகன் ஐந்தாவது, கராத்தே. வீடு அஸ்தம்பட்டி பக்கம். எனக்கு ஏற்காட்டில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறேன். நாலு மணிக்கு வேலை முடிந்தால் ஐந்தரை வாக்கில் வீடு. அவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஆர்டர் வந்துவிட்டால் நேரம் காலம் கிடையாது. வீட்டில் அத்தை இருக்கிறார்.

ஒரு மணி நேர வகுப்புதானே என்று நாம் நினைப்போம். போன வருஷம் ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்தேன். அப்போது மகனுடைய வகுப்பு ஐந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம். 5.15க்குக் கிளம்ப ஆரம்பித்தால், வீட்டுக்குத் திரும்பி வந்து உடை மாற்ற எட்டு மணி. வகுப்பு ஒன்றேகால் மணி நேரம், எங்களுக்குப் போனது இரண்டே முக்கால். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் எட்டேகால் மணி நேரம். அதில் பையன் கராத்தே கற்றது மூணே முக்கால். மீதி நாலரை மணி நேரம் எங்கே போயிற்று? பெல்ட் தேடியது, தண்ணி பாட்டிலுக்கு மூடி தேடியது, சிக்னலில் நின்றது, வாசலில் காத்திருந்தது. அந்த நாலரையில்தான் கை வைக்க முடியும்.

இப்போது வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற வகுப்புக்கு மாற்றிவிட்டோம். 5.40க்குக் கிளம்பினால் 7.25க்கு வீடு. ஒன்றே முக்கால். வகுப்பு நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

முதல் வேலையாக நீங்களும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.

ஜூன் 13, காலை, பஸ்ஸில்

நேற்று பையைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று.

கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி. கராத்தே பைக்கு அதுதான் இடம், வேறு எங்கும் வைக்கக் கூடாது. உள்ளே உடை, பெல்ட், கையுறை, பல் காப்பு, சின்னத் துண்டு. வகுப்பு முடிந்து வந்ததும் உடை மட்டும் வெளியே வரும். மற்றதெல்லாம் உள்ளேயே இருக்கும். பெல்ட்டை அடிக்கடி துவைக்க வேண்டியதில்லை, நிழலில் காற்றாட விட்டால் போதும். உடை அப்படி இல்லை. கெட்டிக் காட்டன், வியர்வையோடு ஒரு ராத்திரி சுருட்டிக் கிடந்தால் கழுத்துப் பட்டை மஞ்சளாகிவிடும், நாற்றமும் போகாது. வந்த கையோடு வாளியில் ஊறப்போட வேண்டும். திங்களுக்கும் புதனுக்கும் நடுவில் ஒரே ஒரு நாள்தான். மழைக்காலத்தில் அதற்குள் காயாது. அதனால் இரண்டாவது செட் வாங்கினேன். அதுவரை புதன்கிழமை சாயங்காலம் ஈரத் துணியை இஸ்திரி போட்டுக் காய வைத்துக்கொண்டிருந்தேன்.

நகம் வெட்டுவது ஞாயிறு இரவு. கை, கால் இரண்டும். வகுப்பில் வரிசையில் நிற்க வைத்து மாஸ்டர் பார்ப்பார்.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுப்பாடம் பத்து மணி வரை போவதாகச் சொன்னீர்களே, அதைப் பற்றி.

வகுப்பு முடிந்து வந்த பிறகு எழுத உட்கார வைத்தால் எந்தப் பிள்ளையும் எழுதாது. உடம்பு தளர்ந்திருக்கும், பசி இருக்கும், கண் சொக்கும். அரை மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் இழுக்கும். எழுதுகிற வேலை முழுவதும் பள்ளி விட்டு வந்ததும் 4.45க்கே ஆரம்பித்துவிட வேண்டும். படிக்கிற வேலையைச் செவ்வாய், வியாழனுக்குத் தள்ளுங்கள். எங்கள் மகன் டியூஷன் போவதே இல்லை. மகளுக்குக் கணக்குக்கு மட்டும் வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறதே என்று ஆறு நாள் டியூஷன் வைத்துவிட்டு, நேரமில்லை என்று கராத்தேயில் கை வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாப்பாடும் ஒரு விஷயம். நாலரைக்கு வயிறு நிறைய இட்லி போட்டு அனுப்பினால் ஆறேகாலுக்கு உதைக்கும்போது வாந்தி வரும். சுண்டல், வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். இங்கே ஒரு சோதனை இருக்கிறது. வகுப்புக்குப் போகிற வழியில் தட்டுவடை செட் வண்டி. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி. சேலத்துப் பிள்ளை அதைத் தாண்டி எப்படிப் போகும்? போகும்போது கிடையாது, வெள்ளிக்கிழமை திரும்பும்போது ஒரு செட் என்று முடிவு செய்தோம். அதிலிருந்து வெள்ளிக்கிழமை வகுப்புக்கு அவனே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

வீட்டுப் பயிற்சிக்குக் காலை 5 மணிதான் நல்ல நேரம். மகளை நான் அப்படித்தான் எழுப்புகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

பயிற்சிக்கு வீட்டில் இடமில்லை என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதில் ஒரு கட்டில் வேறு. போதும்.

கட்டா என்றால் அடி, தடுப்பு எல்லாம் வரிசை மாறாமல் தனியாகச் செய்கிற கோவை. ஷோட்டோகான் என்கிற கராத்தே வகையில் பிள்ளைகள் ஆரம்பத்தில் கற்கிற ஹெயான் ஷோடான் கட்டாவில் 21 அசைவு. செய்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. முன்னால் போக இடமில்லையென்றால் ஒரு அடி பின்னால் வந்து தொடரலாம், மாஸ்டரே அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்காதீர்கள், ஏற்கெனவே வீட்டில் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். எங்கள் வீட்டில் அது குக்கர். ராத்திரி சாதத்துக்குக் குக்கர் வைத்ததும் அவன் ஆரம்பிப்பான். மூன்றாவது விசில் வரை கட்டா. முதல் விசிலுக்குள் இரண்டு தடவை வேகமாக முடிப்பான், அப்புறம் நானே மெதுவாகச் செய்யச் சொல்வேன். திரும்புகிற இடத்தில் பின்கால் குதி தரையை விட்டுத் தூக்குகிறதா என்று அத்தை பார்ப்பார். அவருக்குக் கராத்தே தெரியாது, ஆனால் குதி தூக்கினால் தெரிகிறது. "தூக்கிருச்சு, தூக்கிருச்சு" என்று சத்தம் போடுவார்.

சிலம்பத்துக்கு வீட்டுக்குள் கம்பு கிடையாது. கம்பு நெற்றி உயரம். கூடத்தில் சுற்றினால் டியூப்லைட் போகும், எங்களுக்கு ஒரு தடவை போயிருக்கிறது. வீட்டில் காலடி மட்டும் பழகினால் போதும். காலடி சரியாக விழுந்தால் வீச்சு தானாக வரும் என்று ஆசான் சொல்வார். கம்பு மொட்டை மாடியில். பிள்ளை வளர வளரக் கம்பையும் மாற்ற வேண்டும், வருஷம் ஒரு தடவை பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

ஜூலை 6, ஞாயிறு

ஜூன் 15 அன்று காலை 5 மணி என்று எழுதினேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். யாராவது அதைப் பார்த்துப் பிள்ளையை எழுப்பிக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மகள் வகுப்பில் தூங்குவதாகப் பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டால், படுப்பது 10.30, எழுவது 5. ஆறரை மணி நேரம். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது போதாது. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. நான் அவளுடைய தூக்கத்தில் கடன் வாங்கித்தான் அட்டவணையை அழகாக வைத்திருந்தேன். அது தெரிந்தபோது அழுகையே வந்துவிட்டது. அவள் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, அதனால் எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது தூக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறோம். மகன் காலை 6.15க்கு எழ வேண்டும், அப்படியானால் 9 மணிக்கு விளக்கு அணைய வேண்டும். 7.25க்கு வீடு, 7.50க்குச் சாப்பாடு. மீதி இருப்பது முக்கால் மணி நேரம், அதற்குள் அடங்காத எதுவும் அன்றைக்கு இல்லை. மகளுக்கு 9.45, காலை 6. காலைப் பயிற்சி சனி, ஞாயிறு மைதானத்தில் மட்டும்.

எதையாவது குறைத்தே ஆக வேண்டும் என்றால் கடைசியாகத் தொட வேண்டியது தூக்கம்.

ஜூலை 17, வியாழன்

நேற்று நடந்ததை எழுத வேண்டும். இன்றைக்கு ஆடி 1. காற்று ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது.

மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை பெல்ட் டெஸ்ட். அதற்கான ஒத்திகை நேற்று, 6க்குப் பதில் 5.30க்கு. கட்டாயம் வர வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். நான் அனுமதி வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் முன்பே கிளம்பினேன். பாதி மலையில் பஸ் நின்றுவிட்டது. மேலே போகிற வண்டியும் நிற்கிறது, கீழே இறங்குகிற வண்டியும் நிற்கிறது. ஒரு வளைவில் மரம் விழுந்து கிடக்கிறதாம். குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால் திரும்ப மேலே ஏற வேண்டும், பின்னால் வரிசையாக வண்டி. போனில் சிக்னல் வருகிறது, போகிறது. மூடுபனியில் ஜன்னல் கம்பி நனைந்துவிட்டது. ஒரு மணி இருபது நிமிடம்.

வீட்டுக்கு வந்தால் மகன் கூடத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறான். பக்கத்தில் அத்தை. பட்டறையில் ஆர்டர் இல்லாததால் அன்றைக்கென்று வீட்டுக்காரர் நாலு மணிக்கே வந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். பை ஆணியில் தொங்குகிறது. உடை துவைத்து மடித்து உள்ளே இருக்கிறது. வகுப்பு பத்து நிமிட நடை. எல்லாமே இருந்தது. ஒத்திகை ஐந்தரைக்கு என்பது யாருக்கும் தெரியவில்லை. ஆறு மணிக்குத்தானே, அம்மா வந்துவிடுவாள் என்று மூன்று பேரும் இருந்திருக்கிறார்கள். ஆறும் தாண்டியிருக்கிறது.

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஜூன் 12 அன்று நான் எழுதியது முழுவதும் மணிக்கணக்கு. நேற்று எங்கள் வீட்டில் நேரத்துக்கு ஒரு குறையும் இல்லை, மூன்று பேர் சும்மாதான் இருந்தார்கள். அத்தனை ஞாபகமும் என் ஒருத்தி தலைக்குள் இருந்தது. அந்தத் தலை மலையில் மாட்டிக்கொண்டது.

ஜூலை 20, ஞாயிறு

பெல்ட் டெஸ்ட் நடந்தது. காலையில் கொஞ்சம் முன்னால் வரச் சொல்லி மாஸ்டர் அவனுக்கு மட்டும் ஒத்திகை பார்த்தார். தேறிவிட்டான்.

இந்த மூன்று நாளில் வீட்டில் செய்த மாற்றம்: மாதக் காலண்டரைச் சமையலறை ஓரத்திலிருந்து எடுத்து, கதவுக்குப் பின்னால் பை தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில், மகன் கண் மட்டத்துக்கு இறக்கி மாட்டினோம். பெரியவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும், பரவாயில்லை. கராத்தேக்குச் சிவப்பு, சிலம்பத்துக்குப் பச்சை, பரீட்சைக்கு நீலம். நேரம் மாறினால் வட்டம் போட்டு மணியை எழுத வேண்டும். மாஸ்டர் சொன்னதை எழுதுவது மகன் வேலை. முன்பெல்லாம் வாட்ஸ்அப்பில் செய்தி எனக்கு வரும், நான் படிப்பேன், நான் நினைவில் வைத்திருப்பேன். இப்போது அதை நான் சத்தமாக வாசிப்பேன், அவன் எழுதுவான்.

அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவருக்காகத் துணி கிளிப். காலையில் பள்ளிக்குப் போகும் முன் அன்றைக்கு வகுப்பு இருந்தால் மகன் சிவப்புக் கிளிப்பை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். நேரம் வழக்கத்தைவிட முன்னால் என்றால் இரண்டு கிளிப். சமையலறையிலிருந்து பார்த்தாலே தெரியும். இதை யோசித்துச் சொன்னது மகள்.

ஜூலை 25, வெள்ளி

வாரத் திட்டத்தை எப்போது போடுவீர்கள் என்று கேட்டீர்கள். வெள்ளிக்கிழமை இறங்கும்போது. வளைவுகளில் எழுதினால் தலை சுற்றும். அடிவாரம் தாண்டினதும் நோட்டை எடுப்பேன், கோரிமேடு வருவதற்குள் முடித்துவிடுவேன். ஞாயிறு இரவு போட்டுப் பார்த்தேன், அந்த நேரத்தில் மாற்றுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. வெள்ளி போட்டால் சனி, ஞாயிறு கையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரம். உறவுக்காரர்கள் வீடு நிறைய. இந்த வாரம் வகுப்புக்கு ஒரு நாள்தான் அனுப்புவோம் என்று போன மாதமே காலண்டரில் எழுதி, மாஸ்டரிடமும் சொல்லிவிட்டோம். முன்கூட்டியே எழுதி வைத்த விடுமுறைக்குப் பிறகு பிள்ளை தயங்காமல் திரும்பிப் போகிறது. திடீரென்று போட்ட விடுமுறைதான் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நீளும்.

வந்தவர்களில் ஒருவர், கம்பு சுத்தி என்ன ஆகப்போகுது என்று மகளிடமே கேட்டார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இருந்தது, முதலமைச்சர் கோப்பைப் போட்டியிலும் இருக்கிறது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அந்த ஒரு கேள்வி அவளை எவ்வளவு சுட்டது என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு மாடியில் வெகு நேரம் கம்புச் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பக்கத்தில் இருக்கிற வகுப்பையே பாருங்கள் என்றுதான் நான் முதலில் சொன்னதற்கு அர்த்தம். அதில் பாதி சரி.

மகனை மாற்றியதற்குத் தூரம் மட்டும் காரணம் இல்லை. பழைய வகுப்பில் ஐந்து மணிக்குச் செய்தி வரும், இன்றைக்கு ஆறரைக்கு என்று. ஒரு நாள் கொட்டுகிற மழையில் போய் நின்றால் வகுப்பே இல்லை. பெற்றோரின் நேரத்தை மதிக்காத இடத்தில் எந்த அட்டவணையும் நிற்காது. அடுத்த மூன்று மாதத்தில் டெஸ்ட், போட்டி எப்போது என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். தோராயமாகவாவது சொல்கிற மாஸ்டர் நல்லவர்.

ஆனால் மகளின் சிலம்பம் கன்னங்குறிச்சிப் பக்கம். பக்கத்திலேயே வேறு வகுப்பு இருந்தும் நாங்கள் மாற்றவில்லை. அந்த ஆசான் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டுகிற விதத்தை ஒரு தடவை பார்த்தேன், அப்புறம் மாற்ற மனசு வரவில்லை. அவள் சைக்கிளில் போகிறாள். கம்பைச் சைக்கிள் பாரோடு சேர்த்துப் பழைய ரிப்பனால் இரண்டு இடத்தில் கட்டுவாள், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற நுனியில் ஒரு சிவப்புத் துணி. இருபது நிமிடம் போக, இருபது நிமிடம் வர. அந்த நாற்பது நிமிடத்தை வீணான நேரம் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். வாரம் முழுக்க அவள் தனியாக இருக்கிற நேரம் அது ஒன்றுதான் என்று அவளே சொன்னாள். நான் அந்த நேரத்தில் உழவர் சந்தை போய் வாரத்துக்குக் காய் வாங்கி வந்துவிடுகிறேன்.

ஆகஸ்ட் 18

முறை வைத்துக் கூட்டிப்போவது பற்றிக் கேட்ட தம்பிக்கு: மூன்று குடும்பம் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு நாள். முடியாது என்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு ஸ்கூட்டரில் மூன்று பிள்ளைகளை ஏற்றாதீர்கள். ஷேர் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

போட்டி நாளைப் பற்றி. காலை ஏழுக்கு வரச் சொன்னார்கள், மகன் களத்தில் இறங்கியது மூன்று மணிக்கு. இரண்டு நிமிடத்தில் முடிந்தது, தோற்றான். அதற்கு ஒரு ஞாயிறு முழுவதும். வருஷத்துக்கு இரண்டு போட்டி போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். போகிற நாளில் வேறு எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள், திங்கள் வீட்டுப்பாடத்தைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். தயிர்சாதம், தண்ணி, விரிப்பு, ஒரு கதைப்புத்தகம். திரும்பும்போது பஸ்ஸில் என் மடியில் தூங்கிவிட்டான். எழுந்ததும் முதல் கேள்வி, "திங்கக்கிழமை கிளாஸ் இருக்குதுல்லம்மா?"

செப்டம்பர் 27, சனி

காலாண்டுத் தேர்வு முடிந்தது. தேர்வு வாரங்களில் மூன்று நாளை ஒரு நாளாக்கினோம், நிறுத்தவில்லை. மகள் அடுத்த வருஷம் பத்தாவது. அப்போதும் ஞாயிறு ஒரு நாள் மைதானத்துக்குப் போவாள் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம். என் அண்ணன் மகன் பத்தாவதில் ஒரு வருஷம் மட்டும் என்று நிறுத்தினான், திரும்பப் போகவே இல்லை. இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டான். கூடப் படித்தவர்கள் எல்லாம் மேல் பெல்ட்டில் நிற்கும்போது கடைசி வரிசையில் போய் நிற்க அவனுக்குக் கூச்சம்.

உங்கள் மகன் தொடர்கிறான் என்று எழுதியிருந்தீர்கள் அக்கா, படித்ததும் மனசு நிறைந்தது. வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தது சரியான முடிவு.

எங்கள் வீட்டில் நேற்று: பஸ் தாமதம், கோரிமேட்டிலேயே ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. தீபாவளி ஆர்டர், அவரும் பட்டறையில். மகள் டியூஷனில். வீட்டுக்குப் போன் போடலாமா என்று எடுத்த நேரத்தில் அத்தையிடமிருந்தே போன் வந்தது.

"சிவப்புக் கிளிப் மாட்டியிருக்குது. பையனைக் கூட்டிக்கிட்டு நடந்துட்டிருக்கேன். சாவி பக்கத்து வீட்டுல" என்றார். பின்னால் மகன், "பாட்டி, தட்டுவடை செட்டு வரும்போதுதான்" என்று சொல்வது கேட்டது. அத்தை வைத்துவிட்டார்.